கன்னிவாடி வீடு (குடும்பக் குழு): வளையலும் டயரும்

மீனாட்சி பெரியம்மா: தம்பி வளையல் பார்சல் வந்துருச்சா. கண்ணாடி வளையல் 12 டஜன். எண்ணிப் பாத்துக்க

ராஜேந்திரன் (டல்லாஸ்): வந்துருச்சு மதினி. சனி காலைல 4 மணிக்கு அட்லாண்டாவுக்குக் கிளம்புறோம். பைக்லயே போயிருவோம். ஐ-20 நேர் ரோடு, 780 மைல்

வசந்தா சித்தி: பைக்லயா? இப்பத்தான் எனக்கே தெரியுது

பவித்ரா: சித்தப்பா ஞாயிறு 10:30க்கு வளைகாப்பு 🙄 அட்லாண்டா ஒரு மணி நேரம் முன்னாடி, மறந்துராதீங்க

ராஜேந்திரன் (டல்லாஸ்): வழில பர்மிங்ஹாம்ல ராத்தங்கல் போட்டுருவோம்மா. அங்கருந்து ரெண்டரை மணி நேரந்தான். குமாரு, பின் டயர் முடிஞ்சு போச்சு. இங்க என்னை மாதிரி ஹோண்டா கோல்ட்விங் பைக் வச்சிருக்கிறவங்க பாதிப் பேரு பின்னாடி கார் டயர்தான் போடுறாங்க. 195/55 ஆர்16 ரன்ஃப்ளாட், காத்து போனாலும் கொஞ்ச தூரம் ஓடுற டயர். போட்டுரவா?

குமார்: வேணாம் சித்தப்பா

குமார்: ஏன்னு சொல்றேன், பொறுமையாப் படிங்க

விக்னேஷ்: போச்சு

முருகேசன் மாமா: ஆரம்பிச்சுட்டான். நான் போய் மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வாரேன்

குமார்: மொதல்ல பாதிப் பேருன்றது கதை. போட்டவங்க சத்தமாப் பேசுறாங்க, அவ்வளவுதான். அந்த சைஸை ஏன் பிடிச்சாங்கன்னா, உங்க 2012 வண்டிக்குப் பின்னாடி 180/60 ஆர்16. அதாவது அகலம் 180 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதுல 60 சதவீதம், ரிம் 16 இஞ்சு. விட்டம் 622 மி.மீ. வரும். 195/55 ஆர்16 கார் டயர் 621. ஸ்பீடோமீட்டருக்கும் ஏபிஎஸ்ஸுக்கும் மாத்துனதே தெரியாது. 205/55 போட்டா 632 ஆயிரும், அகலமும் கூட, பின் சக்கரத்தப் பிடிச்சிருக்கிற ஸ்விங்ஆர்ம்ல உரசுதான்னு பாக்கணும். ஆக 195 வெளியளவுல பொருந்துது. ரிம்ல பொருந்துதான்றது வேற கேள்வி

குமார்: டயரோட பீடு, அதான் ரிம்மப் பிடிக்கிற உள்விளிம்பு, உக்கார்ற இடம் பைக் ரிம்ல ஒரு வடிவம், கார் ரிம்ல ஒரு வடிவம். பைக் டயர் பெரும்பாலும் 40 பிஎஸ்ஐ (காத்தழுத்த அளவு) பக்கத்துலயே ரெண்டு பக்கமும் டப்பு டப்புன்னு உக்காந்துரும். கார் டயர் அந்த ரிம்ல அடம் பிடிக்கும். சோப்புத் தண்ணியத் தடவி 60, 70, 80ன்னு ஏத்திக்கிட்டே போவாங்க. பீடுக்குள்ள இருக்கிற கம்பி அறுந்துச்சுன்னா மாட்டுறவன் கையும் முகமும் போச்சு. அங்க நிறையக் கடைல மாட்ட மாட்டேன்னு சொல்றது இதுக்குத்தான். டயர் கம்பெனிக்காரங்களும் பைக் ரிம்ல கார் டயர் ஏத்தாதேன்னுதான் போட்டிருக்காங்க

ராஜேந்திரன் (டல்லாஸ்): மாட்டிக் குடுக்க ஆள் இருக்கான்டா. லோடு பாரு. பைக் டயர்ல 74ன்னு இருக்கு, 375 கிலோ. கார் டயர் 87, அது 545 கிலோ. எது பலம்?

வசந்தா சித்தி: என் வெயிட்டத்தான் சொல்றாங்க

மீனாட்சி பெரியம்மா: 😂

குமார்: அந்த 545 கிலோ, டயர் நிமிந்து நிக்கிறப்போ உள்ள கணக்கு சித்தப்பா. கார் சாயாது. பைக் சாயும். சாஞ்ச டயருக்கு அந்த நம்பர் ஜவாப்தாரி இல்ல

முருகேசன் மாமா: நம்ம ஊர்ல மாட்டு வண்டில லாரி டயர் போட்டு ஓட்டலையா? டயர் வண்டின்னே பேரு. என்னா கெட்டுப் போச்சு

குமார்: மாமா மாட்டு வண்டி வளைவுல சாயுதா?

முருகேசன் மாமா: கரும்பு ஏத்துனா சாயும்

விக்னேஷ்: 🤣🤣

விக்னேஷ்: அண்ணே என் புல்லட்டுக்குப் போடலாமா

குமார்: உன் புல்லட் கிளாசிக்ல பின்னாடி 120/80-18. அவ்வளவு ஒல்லியா 18 இஞ்சுல கார் டயர் எங்க இருக்கு? மாருதி 800ல இருந்ததே 145, அதுவும் 12 இஞ்சு ரிம்முக்கு. செயினுக்கு எண்ணெய் போடு மொதல்ல

குமார்: விட்ட இடத்துக்கு வாரேன். பைக் டயரக் குறுக்க அறுத்துப் பாத்தா முட்டையோட முதுகு மாதிரி இருக்கும். வண்டி சாயச் சாய, தரையத் தொடுற இடம் நடுவுலருந்து ஓரத்துக்கு நகரும், ஆனா தொடுற அளவு பெருசா குறையாது. வளைவுல திரும்புறதுக்கு வேணும்கிற பக்க விசைல பெரும்பகுதி அந்தச் சாய்வுலயே கிடைச்சுரும். கார் டயர் தட்டை. சாய்ச்சா ஒரு ஓரத்துல ஏறி நிக்கும், மறு ஓரம் தரைய விட்டுத் தூக்கும், பக்கச்சுவர் மடங்கும். வண்டி நிமிரத்தான் பாக்கும். அதனால வளைவு முடியிற வரைக்கும் உள்பக்க ஹேண்டிலை அழுத்திக்கிட்டே இருக்கணும். நேர் ரோட்டுலயும் லாரித் தடம், நீளவாக்குல வெடிப்பு இருந்தா அதுல ஒரு ஓரம் ஏறும், பின்பக்கம் தனியா நெளியும். பின்னாடி உக்காந்திருக்கிறவங்களுக்குத்தான் அது நல்லாத் தெரியும்

வசந்தா சித்தி: நான் வரலை

குமார்: ரன்ஃப்ளாட்டைத் தேடிப் போறதே பக்கச்சுவர் கெட்டியா இருக்கும், மடங்குறது குறையும்னுதான். அப்பவும் போதலைன்னு சில பேரு காத்த 41லருந்து 30 பக்கம் எறக்கிருவாங்க, ஓரம் கொஞ்சம் வளைஞ்சு குடுக்கட்டும்னு. அங்கதான் மழை வம்பு. டயர் தண்ணி மேல மிதக்குற வேகம் காத்தழுத்தத்தப் பொறுத்தது. விமானச் சக்கரத்துக்கு நாசா போட்ட சூத்திரம் ஒண்ணு இருக்கு: பிஎஸ்ஐயோட வர்க்கமூலத்த 10.35ஆல பெருக்குனா மைல் வேகம். 41க்கு 66 மைல் வருது, 30க்கு 57. தோராயக் கணக்குதான், காடி ஆழமா இருந்தா கொஞ்சம் தள்ளிப் போகும். ஆனா தட்டையா அகலமா இருக்கிற டயர் சீக்கிரம் மிதக்கும், உருண்டையா இருக்கிறது தண்ணியக் கிழிச்சுக்கிட்டுப் போகும். ஐ-20ல 70ல போவீங்க. மிசிசிப்பில மழைன்னா?

பவித்ரா: சனிக்கிழமை ஜாக்சன்ல மழைதான் போட்டிருக்கு சித்தப்பா

ராஜேந்திரன் (டல்லாஸ்): பைக் டயர் 10,000 மைல்ல தேஞ்சிருது. கார் டயர் 30,000 ஓடுது. அத யாரும் பேச மாட்டேங்குறீங்க

குமார்: அது நெசம், மறுக்கலை. நேர் ரோட்டுல பிரேக் பிடிச்சாலும் நல்லாவே நிக்கும். திடீர்னு ஒருத்தன் குறுக்க வந்து, ஒடிச்சு விலகணும்னு வரும் பாருங்க, அந்த ஒரு செகண்டுலதான் தெரியும். 30,000 மைல்ல அது ஒரு தடவ வந்தாப் போதும்

முருகேசன் மாமா: மிச்சம் பிடிக்கிறவரு கிணத்து மோட்டார் பங்கு 18,000 அனுப்பலையே. அத மொதல்ல பிடிக்கச் சொல்லு

ராஜேந்திரன் (டல்லாஸ்): அத்தான் அது வேற விசயம். தனியா பேசுவோம்

மீனாட்சி பெரியம்மா: நல்ல காரியத்துல மோட்டார் எதுக்கு

முருகேசன் மாமா: 🙏

விக்னேஷ்: டல்லாஸ் மாமா, பேசாம பைக்க மூணு சக்கரமா மாத்திருங்க. அங்க ட்ரைக் விக்கிதாமே

குமார்: நல்ல கேள்வி. ட்ரைக் சாயாது, அதனால பின்னாடி கார் டயர்தான் சரி. சைடுகார் கட்டின வண்டிக்கும் அப்படித்தான். பக்க விசைய டயர் வேற மாதிரி வாங்குது

விக்னேஷ்: கேள்வி இல்லண்ணே சும்மா சொன்னேன்

குமார்: சித்தப்பா இப்ப என்ன செய்யணும்னா, ஒரு பென்னிய, அதான் ஒரு சென்ட் காச, லிங்கன் தலை கீழ இருக்கிற மாதிரி டயர் காடில விடுங்க. தலை முழுசாத் தெரிஞ்சா 2/32 இஞ்சுக்கும் கம்மி, அந்த டயர்ல ஒரு மைலும் வேணாம். புதுசுக்கு அதே 180/60 ஆர்16, ஆனா 80எச்னு கேளுங்க, 80 லோடு நம்பர், எச் வேகக் குறி. 450 கிலோ தாங்கும், ரெண்டு பேரும் சாமானும் ஏறுறதுக்கு அதுதான் தோது. பக்கச்சுவர்ல நாலு இலக்கம் இருக்கும், மொத ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருசம். பழைய ஸ்டாக்கத் தலைல கட்டிருவான், பாத்து வாங்குங்க. வால்வும் புதுசு போடச் சொல்லுங்க. பின் சக்கரம் 5 நட்டு, 108 நியூட்டன் மீட்டர், முறுக்கு அளவு காட்டுற டார்க் ரெஞ்சுலதான் முறுக்கணும். காலைல டயர் குளிர்ந்திருக்கிறப்போ முன்னாடி 36, பின்னாடி 41 காத்து. மொத நூறு மைல் சாய்க்காம ஓட்டுங்க, புது ரப்பர் வழுக்கும். வியாழக்கிழமையே மாட்டிட்டீங்கன்னா அந்த நூறு மைலும் ஊருக்குள்ளயே முடிஞ்சிரும்

குமார்: இன்னொண்ணு. இப்ப வண்டி திருப்பக் கனமா இருக்குதானே? ஹைவேல நேராவே ஓடி நடுப்பக்கம் தேஞ்சு தட்டையாப் போயிருக்கும். அதுவே பாதி கார் டயர்தான். புது உருண்டை டயர் போட்டுப் பாருங்க, அப்புறம் கார் டயர் பத்திக் கேக்க மாட்டீங்க

ராஜேந்திரன் (டல்லாஸ்): ம். கனமாத்தான் இருக்கு

ராஜேந்திரன் (டல்லாஸ்): சரி நாளைக்குக் கடைல கேட்டுட்டுச் சொல்றேன்

குமார்: கேக்குறதுக்கு என்ன இருக்கு சித்தப்பா

மீனாட்சி பெரியம்மா: எலேய் டயர விடுங்கடா. வளையல யாரு கொண்டு போறது. பைக் பெட்டில போட்டா நொறுங்கிரும்

வசந்தா சித்தி: நான் வளையலோட ஃப்ளைட்ல போறேன் அக்கா. இவங்க எந்த டயர்ல வேணாலும் வரட்டும்

பவித்ரா: சனி காலைல ஒரு ஃப்ளைட் இருக்கு சித்தி. லிங்க் அனுப்புறேன்

ராஜேந்திரன் (டல்லாஸ்): ரெண்டு பேரும் பைக்லன்னுதானே முடிவாச்சு

வசந்தா சித்தி: யாரு முடிவு பண்ணினது

முருகேசன் மாமா: 👏

மீனாட்சி பெரியம்மா: தம்பி எண்ணினியா இல்லையா

ராஜேந்திரன் (டல்லாஸ்): எண்ணிட்டேன் மதினி. 11 டஜன்தான் இருக்கு