தரைத்தளம் காலி: ஆம்புலன்சுக்கும் காவல்துறைக்கும் கொடுக்கலாமா?

கோப்புக்கட்டு:
எங்கள் நகராட்சிக் கட்டடத்தில் தரைத்தளம் பாதிக்கு மேல் காலி. வரி வசூல் ஆன்லைனுக்குப் போன பிறகு அங்கே உடைந்த நாற்காலிகளும் பழைய பதிவேடுகளும்தான் குடியிருக்கின்றன. இப்போது ஆம்புலன்ஸ் பிரிவும் காவல்துறையின் ஒரு சின்னப் பிரிவும் அந்த இடத்தைக் கேட்கின்றன. மன்றத்தில் எல்லோரும் "சும்மா கிடக்கிற இடம்தானே, கொடுத்துவிடலாம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள், ஒப்பந்த வரைவு எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. வாடகையைத் தவிர வேறு என்னதான் எழுத வேண்டும்?

பழைய சைரன்:
வாடகையைக் கடைசியில் பேசுங்கள். முதலில் வண்டி எப்படி வெளியே போகும் என்று பாருங்கள். நான் வேலை பார்த்த ஆம்புலன்ஸ் நிலையமும் இப்படித்தான், ஒரு அலுவலகக் கட்டடத்தின் ஓரம். மனு கொடுக்க வருகிறவர் "ரெண்டே நிமிஷம் சார்" என்று எங்கள் ஷட்டர் முன்னால் பைக்கை நிறுத்திவிட்டு மாடிக்குப் போய்விடுவார். அந்த நேரம் பார்த்து அழைப்பு வரும். ஹேண்டில் லாக் போட்ட பைக்கை மூன்று பேர் பின்சக்கரத்தைத் தூக்கி நகர்த்த வேண்டும். அமெரிக்காவின் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம் (என்எஃப்பிஏ) போட்ட 1710 என்ற தரநிலையில் அழைப்பு கிடைத்ததும் கிளம்ப ஆம்புலன்சுக்கு 60 வினாடி, தீயணைப்பு வண்டிக்கு 80 வினாடி. எங்களுக்கு அந்த 60 வினாடி பைக்கிலேயே போய்விடும். தரையில் மஞ்சள் கோடு போட்டால் யாரும் மதிக்க மாட்டார்கள், தனி வாசல் வேண்டும்.

அப்புறம் புகை. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-லேயே வகைப்படுத்திவிட்டது. வண்டி நிற்கிற இடத்துக்கும் மாடிப்படிக்கும் நடுவில் இறுக மூடுகிற கதவு இல்லையென்றால் மாடியில் இருப்பவர்கள்தான் அதை மூச்சாக இழுப்பார்கள். நாளைக்குத் தீயணைப்பு வண்டியும் கேட்டால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். 4,500 லிட்டர் தொட்டி என்றால் தண்ணீர் மட்டுமே நாலரை டன். கீழே பேஸ்மென்ட் இருந்தால் அந்தத் தளம் தாங்குமா என்று பொறியாளர் எழுத்தில் கொடுக்க வேண்டும்.

மேஜைவிளக்கு:
காவல்துறைக்குக் கொடுப்பதில் தலைவலியே சாவிதான். கைப்பற்றிய பொருளை வைக்கிற அறைக்கு உங்கள் பராமரிப்புப் பிரிவிடமும் ஒரு மாற்றுச்சாவி இருந்தது என்று தெரிந்தால் போதும், நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒரு சாவியை வைத்தே வழக்கை ஆட்டிவிடுவார். பூட்டை மாற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள். தடுப்புச் சுவர் ஃபால்ஸ் சீலிங்கோடு நின்றுவிடுகிறதா, மேல்தளம் வரை போகிறதா என்று ஏணி போட்டு ஒரு பலகையைத் தூக்கிப் பாருங்கள். நிறைய அலுவலகங்களில் நின்றுவிடும், அடுத்த அறையிலிருந்து ஏறி இறங்கிவிடலாம்.

புகார் கொடுக்க வருகிறவர்களையும் யோசியுங்கள். வீட்டில் அடி வாங்கிய பெண் பிறப்புச் சான்றிதழ் வரிசையைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும் என்றால், வரிசையில் மாமியார் வீட்டுச் சொந்தம் ஒருவர் நின்றாலே அவர் திரும்பிப் போய்விடுவார்.

ஒப்பந்தத்தில் தனி மின்மீட்டர், இரவு நேரத் தண்ணீர், ஏசி, ஜெனரேட்டர் டீசல் செலவு யாருடையது என்பதை எழுதுங்கள். காலி செய்யச் சொல்லும் அறிவிப்புக் காலம் ஒரு வருடமாவது இருக்கட்டும். சாதாரண அலுவலகம் மூன்று மாதத்தில் மூட்டை கட்டும், வயர்லெஸ் ஆன்டெனாவும் கட்டுப்பாட்டு அறையும் வைத்தவர்களால் முடியாது.

நாலுமுனை:
இப்படி எல்லோரும் பயமுறுத்தினால் அவர் கொடுக்கவே மாட்டார். இங்கிலாந்தில் 2017-ல் வந்த சட்டம் காவல், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றும் சேர்ந்து செயல்பட வழியிருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும் என்கிறது. ஒரே கட்டடத்தில் இருந்தால் விபத்துச் செய்தி கூடத்தைக் கடந்து போனாலே போதும், அதுவே பெரிய லாபம்.

ஆனால் ஒன்று, உங்கள் கட்டடம் அலுவலகத்துக்காகக் கட்டியது. அமெரிக்க விதிப்படி அவசரச் சேவைக் கட்டடத்தை நிலநடுக்க விசைக்குச் சாதாரணக் கட்டடத்தைவிட 1.5 மடங்கு கணக்கில் வடிவமைக்க வேண்டும். ஜெனரேட்டர் எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். 2012 சாண்டி புயலில் நியூயார்க்கில் ஒரு பெரிய மருத்துவமனையின் ஜெனரேட்டர்கள் உயரத்தில்தான் இருந்தன, ஆனால் அடித்தளத்தில் வெள்ளம் புகுந்ததும் அங்கிருந்து எரிபொருள் மேலே போவது நின்றுபோனது. 300-க்கு மேற்பட்ட நோயாளிகளை இரவோடு இரவாக வெளியேற்றினார்கள்.

கோப்புக்கட்டு:
எல்லோருக்கும் நன்றி. இன்று காலை ஏணியும் டார்ச்சுமாகப் போனேன். சுவர் சீலிங்கோடு நிற்கிறது, மேஜைவிளக்கு சொன்னபடியே. ஜெனரேட்டர் பேஸ்மென்ட்டில். அதன் பின்பக்கச் சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பழுப்பாக ஒரு தண்ணீர்க் கோடு. எந்த வருட மழையுடையது என்று வாட்ச்மேனிடம் கேட்டேன், "எந்தக் கோட்டைக் கேட்கிறீங்க சார், மூணு இருக்கே" என்றார்.