ஆறாயிரம் மீட்டர் ஆழத்துக்கு மனிதர் இறங்கத்தான் வேண்டுமா?

பள்ளிக்கரணைவாசி (கேள்வி):

தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் வாயிலைக் கடந்துதான் நாள்தோறும் வேலைக்குப் போகிறேன். அங்கே உருவாகிவரும் மத்ஸ்யா 6000 என்னும் கலம் மூன்று பேரை 6000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுசெல்லப் போகிறது என்று படித்ததிலிருந்து ஓர் ஐயம் தீராமல் இருக்கிறது. இதே நிறுவனத்தின் ரோசப் 6000 என்ற ஆளில்லாக் கலம் 2010-ஆம் ஆண்டிலேயே இந்தியப் பெருங்கடலின் நடுப்பகுதியில் 5289 மீட்டர் வரை இறங்கித் திரும்பியிருக்கிறது. கருவி போய்வந்த ஆழத்துக்கு மனிதரை ஏன் அனுப்ப வேண்டும்? இதனோடு ஒட்டிய இன்னொரு கேள்வியும் உண்டு. செவ்வாயின் தரை முழுவதற்கும் நம்மிடம் வரைபடம் இருக்கும்போது, நம்முடைய கடலின் அடித்தளத்தில் கால்பங்குக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் அளந்திருக்கிறோம் என்கிறார்களே, அது எப்படி?

அலைவரிசை:

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். முதற்கேள்விக்கான விடையில் பாதி அதற்குள்ளேயே இருக்கிறது.

செவ்வாயைச் சுற்றும் விண்கலத்துக்கும் அதன் தரைக்கும் நடுவே மெல்லிய காற்று மட்டுமே இருப்பதால், ஒளியும் ரேடார் அலையும் பெரிய தடையின்றிப் போய்த் திரும்புகின்றன. கடல்நீரோ ரேடார் அலையை உள்ளே விடுவதே இல்லை. சூரிய ஒளி 200 மீட்டரிலேயே மங்கி, 1000 மீட்டருக்குக் கீழே அறவே இல்லாமற்போகிறது. ஆகவே அங்கே ஜிபிஎஸ் இல்லை, கேமராவும் தன் விளக்கு எட்டும் சில மீட்டருக்கு அப்பால் குருடு. நெடுந்தொலைவு போகக்கூடியது ஒலி ஒன்றுதான். அது நொடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் செல்வதால், 5000 மீட்டர் ஆழமுள்ள இடத்தில் எதிரொலி கப்பலுக்குத் திரும்ப ஆறரை நொடிக்கு மேல் ஆகிறது. மேலும், கப்பலிலிருந்து புறப்படும் ஒரு டிகிரி அகலமுள்ள சோனார் கற்றை (எதிரொலியால் ஆழத்தை அளக்க அனுப்பும் ஒலிக்கற்றை) அந்த ஆழத்தைத் தொடும்போது 90 மீட்டர் அளவுக்கு விரிந்துவிடுவதால், ஒரு கால்பந்துத் திடலே படத்தில் ஒரு புள்ளியாகத்தான் விழும்.

செயற்கைக்கோள்களும் கடலடியை அளக்கின்றனவே என்று கேட்கலாம். அவை தரையைப் பார்ப்பதில்லை. கடலடியில் ஒரு மலை இருந்தால் அதன் ஈர்ப்பு நீரைத் தன்பக்கம் இழுப்பதால், மேலே கடல்மட்டம் சற்றே மேடாகிறது. அந்த மேட்டை அளந்து, கீழே மலை இருக்க வேண்டும் என்று கணிக்கிறார்கள். கடலடியை முழுமையாகக் காட்டும் உலகப் படங்களில் பெரும்பகுதி இப்படிக் கணித்துப் பெற்றதே. நேரடியாக அளந்த பகுதியைக் கணக்கிட்டுவரும் ‘சீபெட் 2030’ என்ற பன்னாட்டுத் திட்டம் 2017-இல் தொடங்கியபோது அது 6 சதவீதம் அளவில் இருந்தது. 2025-இல் 27 சதவீதத்தைத் தாண்டியது.

இதைவிடத் துல்லியம் வேண்டுமானால் சோனாரையே கீழே கொண்டுபோக வேண்டும். தானியங்கிக் கலங்கள் தரைக்கு மேலே நூறு மீட்டருக்குள் மிதந்துசென்று அதைத்தான் செய்கின்றன.

நெய்தல் நிலத்தான்:

மேலே நண்பர் சொன்னதோடு ஒரு சிறு செய்தியைச் சேர்க்கிறேன். என் தாத்தா மீன்பிடிக்கப் போகும்போது ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி, ஆழத்தைப் பாகக் கணக்கில் (ஒரு பாகம் ஏறத்தாழ ஆறடி) சொல்வார். குண்டின் அடியில் ஒட்டிவருவதைப் பார்த்து, கீழே இருப்பது சேறா, மணலா என்றும் சொல்லிவிடுவார். 1875-இல் மரியானா அகழியை முதன்முதலாக அளந்த சேலஞ்சர் என்ற பிரித்தானியக் கப்பலும் அடிப்படையில் இதே முறையைத்தான் கையாண்டது. அவர்கள் கண்ட ஆழம் 4475 பாகம், அதாவது 8180 மீட்டருக்குச் சற்று மேல். ஒரே ஓர் ஆழத்தை அறியக் கயிற்றை இறக்கி ஏற்றுவதில் மணிக்கணக்கில் கழிந்தது.

ஆழித்தேர்:

மனிதர் போவதற்கு ஆதரவாக வழக்கமாகக் காட்டப்படும் சான்று பசிபிக் பெருங்கடலின் கலாபகஸ் தீவுகளருகே நடந்த 1977-ஆம் ஆண்டின் பயணம். சுமார் 2500 மீட்டர் ஆழத்தில் ஆல்வின் என்ற கலத்தில் இறங்கியவர்கள், கடலடி வெந்நீர் ஊற்றுகளையும், சூரிய ஒளியை நம்பாமல் ஹைட்ரஜன் சல்பைடைக் கொண்டு உணவாக்கும் நுண்ணுயிர்களைச் சார்ந்து வாழும் உயிர்க்கூட்டத்தையும் கண்டார்கள். கப்பலில் இருந்தவர்கள் நிலவியலாளர்களும் வேதியியலாளர்களுமே. உயிரியலாளர் ஒருவர்கூட இல்லை, ஏனென்றால் அங்கே உயிர் இருக்கும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. எதிர்பாராததைக் கண்டதும் அங்கேயே திட்டத்தை மாற்றிக்கொள்ள மனிதரால் முடிந்தது என்பதே வாதம்.

ஆனால் அந்தக் கதையின் முன்பாதியைப் பலர் சொல்வதில்லை. ஆல்வின் இறங்குவதற்கு முன்பே, கப்பல் கம்பியில் கட்டி இழுத்த ஆளில்லாக் கேமரா ஒன்று எடுத்த ஆயிரக்கணக்கான படங்களில், நீரின் வெப்பம் திடீரென உயர்ந்த இடத்தில் எடுத்த பதின்மூன்று படங்களில் மட்டும் வெள்ளைச் சிப்பிகள் தெரிந்தன. எங்கே இறங்குவது என்று காட்டியது அந்தக் கேமராதான். நம் பக்கத்திலும் இப்படியே நடந்திருக்கிறது: 2024 டிசம்பரில் இந்தியப் பெருங்கடலில் 4500 மீட்டர் ஆழத்து வெந்நீர் ஊற்றைப் படமெடுத்தது ஓஎம்இ 6000 என்ற தானியங்கிக் கலம். ஆகவே தேடுவது கருவியின் வேலை, தேடிக் கண்ட இடத்தில் நின்று ஆராய்வதே மனிதரின் வேலை என்பது என் கருத்து. ‘மனிதரா, கருவியா’ என்று எதிரெதிராக நிறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை.

விலை என்ன என்பதையும் சொல்லிவிட வேண்டும். 6000 மீட்டரில் அழுத்தம் ஏறத்தாழ 600 வளிமண்டலம். கட்டைவிரல் நகத்தின் அளவுள்ள இடத்தில் 600 கிலோ எடை. மத்ஸ்யாவில் மூவரும் அமரப்போகும் டைட்டானியக் கோளத்தின் உள்விட்டம் 2.1 மீட்டர், சுவரின் தடிமன் 80 மில்லிமீட்டர். அதன் வெளிப்பரப்பு முழுவதும் அழுத்தும் எடையைக் கணக்கிட்டால் தொண்ணூறாயிரம் டன்னுக்கு மேல் வருகிறது. அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவ வேண்டும் என்பதால்தான் கோள வடிவம். 2014-இல் நெரியஸ் என்ற ஆளில்லாக் கலம் நியூசிலாந்துக்கு வடகிழக்கேயுள்ள கெர்மடெக் அகழியில் 9900 மீட்டர் ஆழத்தில் அழிந்தபோது இழந்தது கருவியை மட்டும். 2023-இல் டைட்டானிக் கப்பலைக் காணச் சென்ற டைட்டன் கலம் கார்பன் இழை உடலோடு நொறுங்கியபோது ஐந்து உயிர்கள் போயின.

பள்ளிக்கரணைவாசி:

மூவருக்கும் நன்றி. தரையைத் தொட்டபின் மின்சாரம் நின்றுவிட்டால் உள்ளே இருப்பவர்கள் மேலே வருவது எப்படி? கப்பலிலிருந்து கயிறு ஏதும் கட்டியிருப்பார்களா?

அலைவரிசை:

கயிறு இருக்காது. இவ்வகைக் கலங்கள் இறங்குவது பெரும்பாலும் எஞ்சின் விசையால் அல்ல, கட்டிச் செல்லும் எடையால்தான். அந்த எடையைக் கழற்றிவிட்டால் மிதவைப் பொருளின் வலுவால் கலம் தானாகவே மேலே ஏறும். நுண்ணிய கண்ணாடிக் குமிழிகளைப் பிசினில் உறையவைத்துச் செய்யும் அந்த மிதவைப் பொருள் இந்த அழுத்தத்திலும் நசுங்குவதில்லை. மத்ஸ்யாவின் வழக்கமான பயணம் 12 மணி நேரம் என்றும், அதில் பெரும்பங்கு இறங்கி ஏறுவதிலேயே செலவாகும் என்றும் அறிகிறேன். இடர் நேர்ந்தால் 96 மணி நேரம் வரை மூச்சுவிட ஏற்பாடு உண்டு. கப்பலோடு பேசுவதும் ஒலி வழியாகவே. ஆறாயிரம் மீட்டரிலிருந்து ஒரு சொல் மேலே வர நான்கு நொடி, மறுமொழி கீழே போக இன்னொரு நான்கு நொடி.