லெஷர்: வேர் லைசென்ஸா, ரிலாக்ஸா?

கேள்வி:
ஆங்கில 'லெஷர்' (ஓய்வு நேரம்) என்ற சொல் 'லீஸ்', 'ரிலாக்ஸ்' இரண்டுக்கும் உறவு என்று ஒரு குறிப்பில் பார்த்தேன். இன்னொன்றில் 'லைசென்ஸ்' என்று இருக்கிறது. எது சரி? 'லீஷர்' என்று உச்சரித்தால் தப்பா? மேலதிகாரிக்கு எழுதும் மின்னஞ்சலில் 'அட் யுவர் லெஷர்' போடலாமா?

பதில் 1:
லைசென்ஸ்தான், இரண்டுக்கும் ஒரே வேர். லத்தீனில் 'லிகேரே' என்றால் அனுமதிக்கப்பட்டிருத்தல். அது பழைய பிரெஞ்சில் 'லெய்சிர்' ஆகி, நார்மன்கள் பேசிய பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தது. இன்றைய பிரெஞ்சில் 'லுவாசிர்'. ஆக முதற்பொருள் ஓய்வு அல்ல. ஒன்றைச் செய்யக் கிடைத்த வாய்ப்பு, தடையின்மை. கையில் மிஞ்சிய நேரம் என்ற பொருள் அதிலிருந்து கிளைத்தது.

'இல்லிசிட்' (சட்டவிரோதமான) இதே குடும்பம். ஆவணங்களில் 'அதாவது' என்ற இடத்தில் வரும் 'விஸ்' (viz.) கூட அப்படித்தான்: 'விடேரே லிகெட்', காண அனுமதி உண்டு. அதன் கடைசியில் நிற்பது உண்மையில் இசட் எழுத்தே அல்ல, இடைக்கால எழுத்தர்கள் போட்ட சுருக்கக்குறி.

லீஸ், ரிலீஸ், ரிலாக்ஸ் மூன்றும் 'லக்ஸாரே', அதாவது தளர்த்து என்ற வேரில் பிறந்தவை. ஓய்வு என்றால் தளர்வுதானே என்று பொருளை வைத்து ஊகித்து எழுதியிருப்பார்கள். வேர் தேடும்போது பழைய வடிவத்தைப் பார்க்காமல் இன்றைய பொருளை மட்டும் பார்த்தால் இப்படித்தான் வழுக்கும்.

சொல்லின் வால் பகுதியும் இரவல். 'மெஷர்' என்பதில் அந்த ஈறு லத்தீனிலேயே உண்டு. பிளெஷர், டிரெஷர், லெஷர் மூன்றும் அதைப் பார்த்து ஒட்டிக்கொண்டவை.

பதில் 2:
உச்சரிப்பு: பிரிட்டனில் 'லெஷர்', அமெரிக்காவில் பெரும்பாலும் 'லீஷர்'. இரண்டும் சரி. ஒரே உரையில் கலக்காமல் இருந்தால் போதும். எழுதும்போது 'இ' (e) முன்னால், 'ஐ' (i) பின்னால்: leisure. மாற்றிப் போடுவதுதான் அதிகம் காணும் பிழை.

'அட் யுவர் லெஷர்' என்றால் 'உங்களுக்குத் தோதுப்படும்போது, அவசரமில்லை' என்று பொருள். மரியாதைக் குறைவு இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வேண்டும் என்றால் எழுதவே எழுதாதீர்கள், கோப்பு அப்படியே கிடக்கும். தேதியை நேராகச் சொல்லிவிடுங்கள்.

பன்மையில் 'லெஷர்ஸ்' என்று எழுதக் கூடாது. 'லெஷர்லி' பார்க்க வினையடை போல இருந்தாலும் பெரும்பாலும் பெயரடை: 'எ லெஷர்லி வாக்'. நம் பள்ளிகளில் சொல்லும் 'லெஷர் பீரியட்' பிரிட்டனில் 'ஃப்ரீ பீரியட்'.

கேட்டவர்:
நன்றி. அப்படியானால் விடுப்பைக் குறிக்கும் 'லீவ்'?

பதில் 1:
அது லத்தீன் அல்ல, பழைய ஆங்கிலம். ஆனால் அதற்கும் பொருள் அனுமதிதான். 'லீவ் ஆஃப் ஆப்சன்ஸ்' என்றால் வராமலிருக்க அனுமதி. 'விட்டுச் செல்' என்ற வினைச்சொல் 'லீவ்' வேறு வேர். இரண்டையும் குழப்ப வேண்டாம். ஓய்வு என்றே பொருள்படும் வேர் வேண்டுமானால் கிரேக்க 'ஸ்கொலே'யைப் பாருங்கள். அதிலிருந்து வந்ததுதான் 'ஸ்கூல்'.