ஒரேகான் சிப்பிக் குஞ்சுகள் செத்தது கரியமில வாயுவாலா, ஆழ்கடல் நீராலா?

கரைவாசி:
அமெரிக்காவின் ஒரேகானில், நெட்டார்ட்ஸ் விரிகுடாக் கரையிலுள்ள விஸ்கி க்ரீக் என்ற சிப்பிப் பொரிப்பகத்தில் 2007, 2008-ல் பசிபிக் சிப்பி லார்வாக்கள் (இளங்குஞ்சுகள்) தொட்டி தொட்டியாகச் செத்தன. காற்றில் நாம் விடும் கரியமில வாயு கரைந்து கடல் அமிலமாவதற்கு இதைத்தான் எல்லோரும் சாட்சியாகக் காட்டுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. கோடையில் வடக்கிலிருந்து காற்றடித்தால் அந்தக் கரையில் அடிநீர் மேலே வரும், காலங்காலமாக நடப்பதுதான். அந்த நீரில் கரியமில வாயு மிகுந்திருப்பதற்கு, மேலிருந்து விழும் உயிர்க்கழிவு ஆழத்தில் மக்குவதே முக்கியக் காரணம். தொழிற்புரட்சிக்குப் பின் கடல் மேற்பரப்பின் பிஎச் (குறையக் குறைய அமிலம் கூடுவதைக் காட்டும் எண்) சுமார் 8.2-லிருந்து 8.1-க்கு இறங்கியது. விரிகுடாவில் ஒரே நாளில் அதைவிடப் பெரிய ஏற்ற இறக்கம் இருக்கிறது. 0.1 எப்படிக் கொல்லும்?

ஆழிமணி:
பிஎச் மடக்கை அளவு. 0.1 இறங்கினால் ஹைட்ரஜன் அயனி கால் பங்குக்கு மேல் கூடும். சிப்பிக்கு அதைவிட முக்கியம், ஓடு கட்டத் தேவையான கார்பனேட் அயனி. அமிலம் கூடினால் அது குறையும். வளர்ந்த சிப்பியின் ஓடு பெரும்பாலும் கால்சைட் என்ற கால்சியம் கார்பனேட் படிகம். லார்வா கட்டுவதோ அதன் எளிதில் கரையும் வடிவமான அரகோனைட். கருவுற்ற இரண்டு நாளுக்குள் உடல் எடையில் சுமார் 90% அளவுக்கு ஓடு படிய வேண்டும், அதுவும் முட்டையில் இருக்கும் கையிருப்பை வைத்தே. இரை எடுப்பது அதற்குப் பிறகுதான். அரகோனைட் தெவிட்டுநிலை (நீரில் ஓட்டுப்பொருள் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்ற அளவு) 1-க்குக் கீழே போனால்தான் ஓடு தானாகக் கரையும். ஆனால் அந்தப் பொரிப்பகத்தில் ஏறக்குறைய 1.7-க்குக் கீழே போனதுமே உற்பத்தி கட்டுப்படியாகவில்லை. ஓடு கட்டும் செலவிலேயே கையிருப்பு தீர்ந்துவிடுகிறது. முதல் இரண்டு நாள் கெட்ட நீரில் இருந்த லார்வா, பிறகு நல்ல நீருக்கு வந்தாலும் தேறாமல் போவதற்கு இதுதான் காரணம். முதலில் விப்ரியோ பாக்டீரியாவைத்தான் சந்தேகித்தார்கள். நீரைச் சுத்திகரித்த பிறகும் சாவு நிற்கவில்லை.

மக்கல்தான் பெரும்பங்கு என்பது சரி. அதற்கு மேல் மனிதர் சேர்த்தது எவ்வளவு என்பதே கேள்வி. 2007-ல் கடல் விஞ்ஞானி ரிச்சர்ட் ஃபீலியின் குழு கனடா முதல் மெக்சிகோ வரை அளந்தபோது, மனிதர் சேர்த்த கரிமம் கிலோ நீருக்குச் சுமார் 31 மைக்ரோமோல் (மைக்ரோமோல் என்பது பொருளின் அளவை எண்ணும் மிகச் சிறிய அலகு) என்று கணக்கிட்டது. சிறிய எண்தான். ஆனால் அது இல்லையென்றால் அரகோனைட் கரையும் எல்லை இப்போதைவிடச் சுமார் 50 மீட்டர் கீழே தங்கியிருக்கும், மேற்பரப்பை எட்டியிருக்காது என்பது அவர்கள் முடிவு.

உப்பளம்:
நாளுக்குள் ஏற்ற இறக்கம் இருப்பதைத்தான் பொரிப்பகம் பயன்படுத்திக்கொண்டது. பகலில் கடற்புல் கரியமில வாயுவை இழுத்துக்கொள்வதால் பிற்பகலில் நீர் தேறும். அப்போது தொட்டியை நிரப்பினார்கள். விடியற்காலை நீர்தான் ஆபத்து. நீரின் சராசரி பிஎச் இறங்க இறங்க அந்த நல்ல மணிநேரம் சுருங்குகிறது.

அது போதாதபோது சோடியம் கார்பனேட் உப்பைச் சேர்த்தார்கள். 10,000 லிட்டர் தொட்டியில் காரத்தன்மையை (அமிலத்தை ஈடுகட்டும் திறனை) கிலோவுக்கு 200 மைக்ரோமோல் உயர்த்த, நீரற்ற உப்பு சுமார் 109 கிராம் போதும். படிகமாக வரும் சலவை சோடா என்றால் சுமார் 293 கிராம், ஏனென்றால் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர். சமையல் சோடா வேண்டாம்: காரத்தன்மை ஏறும், ஆனால் வாயு வெளியேறும்வரை பிஎச் தேறாது. உப்பை நன்னீரில் கரைத்து, காற்றோட்டம் உள்ள இடத்தில் மெதுவாக விட வேண்டும். ஒரே இடத்தில் கொட்டினால் வெள்ளையாகக் கலங்கிப் படிந்துவிடும், போட்டது வீண். பிஎச் மீட்டர் மட்டும் பார்த்து அளவு போடாதீர்கள். கரைந்த கரியமில வாயு அழுத்தம், மொத்தக் கரிமம், காரத்தன்மை, பிஎச் நான்கில் குறைந்தது இரண்டு தெரிந்தால்தான் தெவிட்டுநிலையைக் கணக்கிட முடியும்.

கரைவாசி:
109 கிராம் உப்பில் தீர்கிறது என்றால் உமிழ்வைப் பற்றி இவ்வளவு பதற்றம் எதற்கு? வடக்கே வாஷிங்டன் மாநிலத்தின் வில்லாப்பா விரிகுடாவில் இயற்கையாகச் சிப்பிக் குஞ்சு உருவாகாமல் போனதில் நீரின் குளிர்ச்சிக்கும் பங்கு உண்டு. ஜப்பானிலிருந்து வந்த இனம், முட்டையிட வெதுவெதுப்பு வேண்டும்.

ஆழிமணி:
வில்லாப்பாவில் குளிர்ச்சியை ஒதுக்க முடியாது; அதனால்தான் நான் அதைச் சான்றாக வைக்கவில்லை. தொட்டியில் வெப்பத்தை நாமே வைத்துக்கொள்கிறோம், அங்கே அந்தச் சாக்கு கிடையாது. உப்பு காப்பதும் தொட்டியை மட்டும்தான். அதில் லார்வா இருப்பது இரண்டு மூன்று வாரம், பிறகு விரிகுடாவுக்குத்தான் போக வேண்டும்.

இன்னொன்று. அங்கே மேலே வரும் நீர் காற்றைக் கடைசியாகத் தொட்டது 30 முதல் 50 ஆண்டுகளுக்கு முன். 2007-ல் வந்த நீர் புறப்பட்டபோது காற்றில் கரியமில வாயு 315-க்கும் 334 பிபிஎம்முக்கும் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) இடையில் இருந்தது. இன்று 420-க்கு மேல். இந்தக் காற்றைத் தொட்ட நீர் இன்னும் கரைக்கு வரவில்லை. நாளையே உமிழ்வை நிறுத்தினாலும் அது வரத்தான் போகிறது. நிறுத்தாவிட்டால் அதற்குப் பின் வருவது இன்னும் மோசமாக இருக்கும்.