ஃப்ரீ பாடி டயகிராமுக்கு 'படுவிசைப்படம்'னு பேரு வெக்கலாமா?

வணக்கம் நண்பர்களே,

ஒரு பொருள மட்டும் தனியா எடுத்து, அது மேல செயல்படுற விசைகள அம்பு போட்டுக் காட்டுற படம்தான் ஃப்ரீ பாடி டயகிராம், சுருக்கமா எஃப்பிடி. அதுக்குப் பாடப்புத்தகத்துல இருக்குற 'தனித்த பொருள் விசைப்படம்' சரியான பேருதான், ஆனா நீளம், போர்டுல ரெண்டு தடவ எழுதுனதும் வாத்தியாருங்களே எஃப்பிடின்னு சுருக்கிடுறாங்க, இங்க கடலூர்ல தமிழ் மீடியம் பசங்க நோட்டுலயும் அதேதான் இருக்கு. அதனால வெறும் 'விசைப்படம்' போதுமேன்னு இந்த இழையில போன மடல்ல ஒரு அண்ணன் எழுதியிருந்தாரு. எனக்கு அது பத்தல அண்ணே. அந்தப் படத்துல எல்லா விசையும் வரக்கூடாது, அந்தப் பொருள் மேல படுற விசை மட்டும்தான் வரணும், பசங்க கணக்கு பெரும்பாலும் கவுறதே இந்த எடத்துலதான்.

ஒரு கணக்கு பாருங்க. தேவனாம்பட்டினம் கரையில சமமான மணல்ல 500 கிலோ ஃபைபர் படகு ஒண்ண டிராக்டர்ல கயிறு கட்டி 3000 நியூட்டன் விசையில இழுக்குறாங்க, இயக்க உராய்வுக் குணகம் 0.5, புவியீர்ப்பு முடுக்கத்த 10னு வெச்சுக்குவோம். படகு மேல எடை 5000 கீழ, மணல் குடுக்குற செங்குத்து விசை 5000 மேல, கயிறு 3000 முன்னாடி, உராய்வு 2500 (செங்குத்து விசை 5000ஐ குணகம் 0.5ஆல பெருக்குனது) பின்னாடி. மிச்சம் 500 நியூட்டன், அத 500 கிலோவால வகுத்தா முடுக்கம் 1, முடிஞ்சுது. ஆனா ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டுங்கற நியூட்டனோட மூணாம் விதிய நல்லா படிச்ச புள்ளதான் இங்க மாட்டும், படகும் கயித்த 3000 பின்னால இழுக்குதேன்னு அதுக்கும் ஒரு அம்பு போட்டுடும், ரெண்டு 3000மும் அடிபட்டு உராய்வு மட்டும் நிக்கும், முடுக்கம் பின்பக்கமா 5ன்னு விடை வரும். அந்த இன்னொரு 3000 கயிறு மேல படுறது. படகோட படத்துல அதுக்கு எடமே கெடையாது.

ஒளியியல்ல படுகதிர், படுகோணம்னு பசங்க ஏற்கனவே எழுதிட்டுதான் இருக்காங்க. கண்ணாடி மேல வந்து படுற கதிர் படுகதிர்னா, பொருள் மேல வந்து படுற விசை படுவிசை, அத வரைஞ்சா படுவிசைப்படம். எதையும் புதுசா மனப்பாடம் பண்ண வேணாம்.

நம்ம ஊருக்கு இது இன்னும் தேவைன்னு நான் நெனைக்கிறேன். முதுநகர் துறைமுகத்துப் பக்கம் இருக்குற புள்ளைங்களுக்கு விசைன்னாலே விசைப்படகுதான், அதாவது எஞ்சின். படகுக்கு விசைப்படம் போடுடான்னா எஞ்சின் தள்ளுதுன்னு நேரா அம்பு போடுவான். எஞ்சின் படகுக்கு உள்ள இருக்கு, சுத்துற விசிறி தண்ணிய பின்னால தள்ளுது, தண்ணி திருப்பி படக முன்னால தள்ளுது, எஞ்சினுக்குப் பதிலா நாம வரைய வேண்டியது தண்ணி தள்ளுறத. 'படகு மேல என்னென்ன படுது?'ன்னு கேட்டுப் பாருங்க, அவன் வாயாலயே தண்ணின்னு வரும். கேள்வியும் பேரும் ஒரே சொல்லா இருக்குறதுதான் இதுல எனக்குப் புடிச்சது.

படுறதுன்னா தொடணுமே, ஈர்ப்பு விசை தொடாமதான இழுக்குதுன்னு ஒரு தோழி கேட்டிருந்தாங்க. நல்ல கேள்வி. ஆனா தமிழ்ல கண்ணு படும், பார்வை படும், இதெல்லாம் தொட்டா படுது? அதனால எடையும் தாராளமா படுவிசைதான். படு ஜோர், படு வேகம் மாதிரி 'ரொம்ப பெரிய விசை'ன்னு அர்த்தம் ஆயிடுமோன்னு இன்னொருத்தர் சொன்னதுக்கு, படுகதிர யாரும் ரொம்ப பிரகாசமான கதிர்னு எடுத்துக்கல, இதுவும் பழகிடும்.

'ஏற்புவிசைப்படம்'னும் ஒரு யோசனை வந்துச்சு, அர்த்தம் சரிதான், ஆனா ஏற்புத்திறன்னு வெப்பப் பாடத்துல ஏற்கனவே ஒண்ணு இருக்கு, ரெண்டும் ஒரே பரீட்சையில வர்ற சொல்லு. அதனால எனக்கு வேணாம்னு படுது.

வகுப்பு எடுக்குறவங்க இந்த வாரம் கேள்விய இப்படி எழுதிப் பாருங்க: 'படகின் படுவிசைப்படம் வரைந்து அதன் முடுக்கத்தைக் காண்க.' பசங்க எங்க தடுமாறுறாங்கன்னு இதே இழையில எழுதுங்க.