மேற்கோள் குறிகள்: சூழ்குறி, உட்குறி என்ற பெயர்கள் பற்றி

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒற்றை மேற்கோள் குறி, இரட்டை மேற்கோள் குறி என்ற பெயர்கள் இருக்கும்போது ஆங்கில மேற்கோள் குறிகளுக்குப் புதிய பெயர்கள் எதற்கு என்று பாம்பன் ஐயா கேட்டிருந்தார். அந்தப் பெயர்கள் வடிவத்தைச் சொல்கின்றன, வேலையைச் சொல்வதில்லை. ஆங்கிலத்தில் சிக்கலே அங்குதான்.

கீழக்கரையில் சங்கு குளிப்பவர்களின் பேச்சைப் பதிவுசெய்து ஆங்கிலத்தில் எழுதும் மாணவர்களுக்கு உதவி வருகிறேன். ஒருவர் சொல்கிறார்: “தண்ணீர் கலங்கிக் கிடந்தது. ‘இன்றைக்கு இறங்க வேண்டாம்’ என்று சம்மாட்டி சொல்லிவிட்டார்.” சம்மாட்டி என்றால் படகு உரிமையாளர். பேச்சுக்குள் பேச்சு. இதை அமெரிக்க முறையில் எழுதினால் வெளியே இரட்டை, உள்ளே ஒற்றை. பிரிட்டிஷ் பதிப்பகங்கள் பலவற்றில் இது தலைகீழ். அந்நாட்டுச் செய்தித்தாள்களிலோ பெரும்பாலும் வெளியே இரட்டைதான். ‘உள்ளே ஒற்றை’ என்று மனப்பாடம் செய்த பிள்ளை லண்டனில் அச்சான புத்தகத்தைப் பார்த்துத் திகைக்கிறது.

உள்ளே வரும் குறிக்கு அகமேற்கோள், வெளியே வருவதற்குப் புறமேற்கோள் என்ற முன்மொழிவு காதுக்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் தமிழ் படித்தவருக்கு அகப்பாடலிலிருந்து எடுத்த மேற்கோள் என்றே முதலில் தோன்றும். வெளிமேற்கோள் என்றால் வேறு நூலிலிருந்து எடுத்தது போலாகிவிடும். பெயர் வேண்டியது குறிக்குத்தான், கூற்றுக்கு அல்ல. ஆகவே முழுக் கூற்றையும் சூழ்ந்து நிற்பது சூழ்குறி, அதற்குள் வருவது உட்குறி என்கிறேன். அமெரிக்க நடையில் சூழ்குறி இரட்டை. பிரிட்டிஷ் நூல் நடையில் சூழ்குறி ஒற்றை. ஒரே வரியில் விதி முடிந்துவிடுகிறது.

எதைச் சூழ்குறியாகக் கொள்வது? நம் பதிவுகளுக்கு இரட்டையே நல்லது என்பதில் எனக்கு ஐயமில்லை. உடைமையைக் காட்ட ஆங்கிலத்தில் இடும் அபாஸ்ட்ரஃபி குறியும் மூடும் ஒற்றைக் குறியும் பார்வைக்கு ஒன்றே. கணினி எழுத்துகளுக்கான ஒருங்குறியிலும் (யூனிகோட்) இரண்டுக்கும் பரிந்துரைக்கப்படும் குறியெண் யு+2019 ஒன்றுதான். ‘தி டைவர்ஸ்’ போட்ஸ் ஆர் லேட்’ என்று எழுதிப் பாருங்கள். டைவர்ஸ் என்ற சொல்லோடு பேச்சு முடிந்துவிட்டதா, குளிப்பவர்களின் படகு என்ற உடைமையா? வாசகர் வரியின் கடைசிவரை போய்த் திரும்பிவர வேண்டியிருக்கிறது. பன்மை உடைமை அடிக்கடி வரும் கடலோரப் பேச்சில் இந்தத் தடுமாற்றம் பக்கத்துக்குப் பக்கம் நேரும். வெளியே இரட்டைக் குறி இட்டால் அது உட்குறிக்குள் மட்டுமே நேரக்கூடும்.

முற்றுப்புள்ளி தனிக் கேள்வி. அமெரிக்கர் அதையும் காற்புள்ளியையும் மூடும் குறிக்கு உள்ளேயே வைப்பார்கள். பிரிட்டிஷார் பொருளைப் பார்த்து வைப்பார்கள். அதைச் சூழ்குறியோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம்.

உட்குறிக்குள் மூன்றாவது கூற்று வந்தால் மீண்டும் சூழ்குறியின் வடிவமே வரும். அதற்குத் தனிப்பெயர் வேண்டாம் என்பது என் கருத்து. தொண்டி, மண்டபம் நண்பர்களும் இந்த இரு சொற்களையும் தங்கள் மாணவர்களிடம் பயன்படுத்திப் பார்த்து எழுதுங்கள்.