ஃப்ரீபிஎஸ்டி 13-லிருந்து 14-க்கு சோர்ஸ் வழியா போறேன்: நடுவுல ரீபூட் கட்டாயமா?

கேள்வி

வணக்கம். வீட்டுல ஃபைல் சர்வரா ஓடுற பழைய மெஷின், ரேம் 4 ஜிபிதான், டிஸ்க் இசட்எஃப்எஸ் (ஒரு ஃபைல் சிஸ்டம்). இப்ப ஃப்ரீபிஎஸ்டி (யூனிக்ஸ் வகை இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டம்) 13.5 இருக்கு. 13-க்கு ஆதரவு 2026 ஏப்ரல் வரைதாங்கறதால 14.3-க்கு மாறணும். கர்னல்ல (சிஸ்டத்தோட மையப் பகுதி) தேவையில்லாத டிரைவரை எல்லாம் எடுத்துட்டு நானே கம்பைல் பண்ணி வச்சிருக்கேன், அதனால ரெடிமேட் பைனரி அப்டேட் சரிப்படாது.

சோர்ஸ்லேர்ந்து வேர்ல்டை (கர்னல் தவிர மத்த சிஸ்டம் புரோகிராம்கள், லைப்ரரிகள்) கம்பைல் பண்ற பில்ட்வேர்ல்டு கட்டளையை -ஜே4 (ஒரே நேரத்துல நாலு வேலை) போட்டா பாதியில நின்னுடுது. லாக்ல "கில்டு: ஃபெயில்டு டு ரீகிளெய்ம் மெமரி"ன்னு வருது. இன்னொண்ணு, இன்ஸ்டால்கர்னல், இன்ஸ்டால்வேர்ல்டு ரெண்டையும் சேர்த்துப் போட்டுட்டு ஒரே ஒரு ரீபூட் பண்ணக் கூடாதா? மானிட்டர் இல்லாத மெஷின், எஸ்எஸ்எச்லதான் (நெட்வொர்க் வழியா லாகின்) வேலை.

பதில் 1

மெமரியைக் குடிக்கிறது எல்எல்விஎம், கிளாங் (கம்பைலர்) பகுதி. -ஜே2-க்கு இறக்குங்க. இசட்எஃப்எஸ்ஸோட ஏஆர்சி கேஷை (டிஸ்க் தகவலை ரேம்ல வச்சுக்கற இடம்) 1 ஜிபிக்குக் கட்டுப்படுத்துங்க. ஸ்வாப் தனிப் பார்ட்டிஷன்ல இருக்கட்டும், இசட்வால் (இசட்எஃப்எஸ்க்குள்ள உருவாக்குற மெய்நிகர் டிஸ்க்) மேல வேண்டாம். ஃபைல்மான் மாட்யூலை ஏத்தி மெட்டா மோடு (முடிஞ்ச பகுதிகளைக் குறிச்சு வச்சுக்கற பில்ட் முறை) போட்டுட்டா, அடுத்த தடவை நின்னாலும் முதல்லேர்ந்து கம்பைல் ஆகாது.

பதில் 2

ரீபூட் கட்டாயம் நண்பரே. இதுல மட்டும் குறுக்கு வழி வேண்டாம்.

புது கர்னலுக்குப் பழைய புரோகிராம்களை ஓட்டத் தெரியும், அதுக்குன்னே உள்ள கம்பாட் ஆப்ஷன்கள் (பழைய வெர்ஷனோட ஒத்துப்போக வைக்கிறவை) இருக்கு. பழைய கர்னலுக்குப் புது புரோகிராம் கேக்குற சிஸ்டம் கால் (கர்னல்கிட்ட வைக்கிற கோரிக்கை) என்னன்னே தெரியாது. 2017 மே மாசம், பின்னாடி 12.0-ஆ வந்த கிளையில, ஐநோடு எண்ணை (ஒவ்வொரு ஃபைலோட அடையாள எண்) 32 பிட்லேர்ந்து 64 பிட்டுக்கு மாத்தினாங்க. அப்ப கர்னலை பூட் பண்ணாம வேர்ல்டை ஏத்தினா, புது லிப்சி (எல்லா புரோகிராமும் நம்பியிருக்குற அடிப்படை லைப்ரரி) உக்காந்த அடுத்த நிமிஷம் ஃபைல் பட்டியல் காட்டுற சாதாரண எல்எஸ் கூட "பேட் சிஸ்டம் கால்"னு விழுந்துடும். ஒவ்வொரு வெர்ஷன்லயும் இப்படி நடக்காது. ஆனா எதுல நடக்கும்னு சோர்ஸோட வர்ற அப்டேட்டிங் ஃபைலைப் படிச்சாத்தான் தெரியும், அதனால முதல்ல அதைப் படிங்க.

நடுவுல ரீபூட் பண்றதுல உங்களுக்குத்தான் லாபம். புது கர்னல் நெட்வொர்க் கார்டை எடுக்கலேன்னா, வேர்ல்டு இன்னும் பழசாவே இருக்கும், பூட் மெனுவுல பழைய கர்னலைத் தேர்ந்து எழுப்பிடலாம். அந்த ஒரு நாளைக்காவது ஒரு மானிட்டரைக் கொண்டுபோய் மாட்டுங்க. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பெக்டில் கிரியேட் போட்டு ஒரு பூட் என்விரான்மென்ட் (திரும்பப் போக உதவுற, இப்போதைய சிஸ்டத்தோட நகல்) எடுத்துடுங்க.

உங்க கர்னல் கான்ஃபிக் பத்தித்தான் எனக்குக் கவலை. 13-ல ஜெனரிக் (ஃப்ரீபிஎஸ்டியோட வர்ற இயல்பு கர்னல் கான்ஃபிக்) ஃபைலை காப்பி அடிச்சு வரி வரியா வெட்டியிருந்தா அதை 14-க்கு எடுத்துட்டுப் போகாதீங்க. மேல "இன்க்ளூட் ஜெனரிக்"னு ஒரு வரி, கீழ வேண்டாததுக்கு மட்டும் "நோடிவைஸ்" வரிகள். இப்படி எழுதினா 14-ல புதுசா வந்த கம்பாட்_ஃப்ரீபிஎஸ்டி13 தானா உள்ள வந்துடும். அது இல்லாத கர்னல்ல பழைய வேர்ல்டு சரியா ஓடும்னு நம்ப முடியாது.

கேட்டவர்

ரொம்ப நன்றி. -ஜே2-ல பில்ட் முடிஞ்சுது, புது கர்னலும் பூட் ஆயிடுச்சு. வேர்ல்டு போட்டப்புறம் ஈடிசிஅப்டேட் (கான்ஃபிக் ஃபைல்களைப் புதுசோட இணைக்கிற கட்டளை) மாஸ்டர்.பாஸ்வேர்டு (யூசர், பாஸ்வேர்டு விவரம் உள்ள) ஃபைல்ல கான்ஃப்ளிக்ட்னு சொல்லுது. "டிஎஃப்" (தெயர்ஸ்-ஃபுல்) குடுத்து புதுசையே எடுத்துக்கலாமா?

பதில் 2

வேண்டவே வேண்டாம்! "டிஎஃப்" குடுத்தா உங்க யூசர்கள் எல்லாரும் போயிடுவாங்க, ரூட்டுக்கு பாஸ்வேர்டே இருக்காது.

14.0-லேர்ந்து ரூட்டோட ஷெல் சிஎஸ்எச்லேர்ந்து எஸ்எச்சுக்கு மாறிடுச்சு. உங்க ரூட் வரியில பாஸ்வேர்டு ஹாஷ் (பாஸ்வேர்டோட மறைகுறி வடிவம்) இருக்கு, புது வரியில அந்த இடம் காலி. ஒரே வரி ரெண்டு பக்கமும் மாறினதால அது உங்ககிட்ட கேக்குது. "இ" அழுத்தி எடிட்டர்ல திறங்க. உங்க ஹாஷ் உள்ள வரியை வச்சுக்கிட்டு, கடைசியில உள்ள ஷெல்லை மட்டும் வேணும்னா மாத்துங்க. புது வரியையும், சுத்தி இருக்குற அம்புக்குறி, சமக்குறி வரிகளையும் ஒண்ணு விடாம அழிச்சுட்டு சேவ் பண்ணி "ஆர்" குடுங்க. இப்ப இருக்குற எஸ்எஸ்எச் செஷனை மூடாம, இன்னொரு டெர்மினல்லேர்ந்து லாகின் ஆகுதான்னு பாத்துட்டு அப்புறம் ரீபூட்.

டெலிட்-ஓல்ட் (தேவையில்லாத பழைய ஃபைல்களை அழிக்கறது) இப்பவே போடலாம். டெலிட்-ஓல்ட்-லிப்ஸை (பழைய லைப்ரரிகளை அழிக்கறது) மட்டும் கடைசிக்கு வைங்க. 13-ல ஓபன்எஸ்எஸ்எல் (என்கிரிப்ஷன் லைப்ரரி) 1.1.1, 14-ல 3.0. உங்க பேக்கேஜ் பலதும் இன்னும் அதோட பழைய ஃபைலான லிப்கிரிப்டோ 111-ஐத்தான் தேடும். முதல்ல பிகேஜி-ஸ்டாட்டிக் வச்சு பிகேஜியை (பேக்கேஜ் மேலாளர்), அப்புறம் -எஃப் போட்டு எல்லா பேக்கேஜையும் 14-க்கானதா மாத்துங்க. பழைய லைப்ரரியை அழிக்கறது அதுக்கப்புறம்தான்.

இசட்பூலை (இசட்எஃப்எஸ்ஸோட டிஸ்க் தொகுப்பு) அப்கிரேடு பண்ணச் சொல்லி ஸ்டேட்டஸ்ல வரும். அவசரப்படாதீங்க. பூல்ல புது வசதிகளை இயக்கிட்டா நீங்க எடுத்து வச்ச 13 பூட் என்விரான்மென்ட்டுக்குத் திரும்ப முடியாம போகலாம். கொஞ்ச வாரம் 14-ல ஓட்டிப் பாத்து, இஎஃப்ஐ பார்ட்டிஷன்ல (பூட் ஆகற பகுதி) லோடரையும் புதுசா மாத்தினப்புறம் பண்ணிக்கலாம்.